ஆப்பிரிக்கக் கலையும் காப்பாட்சியரும்

காப்பாட்சியர் என்னும் சொல்லைப் பொருட்காட்சிச் சாலையோடு சேர்த்தே நாம் அறிந்திருக்கிறோம். பழம்பொருள்களைப் பழுதுபடாமல் பாதுகாத்துப் பட்டியல் எழுதி வைப்பவர் என்பதே நாம் அதற்குக் கொண்டிருந்த பொருள். கடந்த சில பத்தாண்டுகளில் அச்சொல்லின் பொருள் விரிந்துவிட்டது. இன்று வாழும் கலைஞர்களுள் யாருடைய படைப்பை உலகம் காணவேண்டும் என்று தேர்ந்தெடுப்பவரும் காப்பாட்சியரே. அந்தத் தேர்வு விலையையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு ஆப்பிரிக்கக் கலையின் அண்மை வரலாறு தக்க சான்றாகும்.

1989-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் 'பூமியின் மந்திரவாதிகள்' என்ற பொருளுடைய பெயரில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதை அமைத்தவர் ழான் உபேர் மார்த்தேன். அதில் இடம்பெற்ற ஏறத்தாழ 100 கலைஞர்களுள் பாதிப்பேர் மேலைநாடுகளுக்கு அப்பாற்பட்டவர்கள். நம் நாட்டு மிதிலை ஓவியர் பௌவா தேவியும் அவர்களுள் ஒருவர். கண்காட்சியைக் கண்டு வியந்த ழான் பிகோட்சி என்னும் செல்வந்தர், அதில் பணிபுரிந்த ஆந்த்ரே மான்யேன் என்ற காப்பாட்சியரையே தமக்காக ஆப்பிரிக்கக் கலைப் பொருள்களைத் திரட்டும்படி அமர்த்தினார்.

1991-இல் நியூயார்க்கில் காட்டப்பட்ட சில புகைப்படங்களின் கீழ் எடுத்தவர் பெயர் இல்லை. மாலி நாட்டின் பமாக்கோ நகருக்குச் சென்ற மான்யேன், அவற்றை எடுத்தவர் சேது கேத்தா என்று கண்டறிந்தார். 1948-இல் புகைப்பட நிலையம் திறந்து ஊராரைப் படம் எடுத்துவந்த அவருடைய படங்கள் 1994-இல் பாரிஸில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. பெயரற்றிருந்தவர் உலகப் புகழ் பெற்றார். 2001-இல் அவர் மறைந்தபின், அவருடைய மூலப் படச் சுருள்கள் யாருக்கு உரியவை என்ற சச்சரவும் எழுந்தது. புகழும் வழக்கும் ஒரே வாசல் வழியாக வந்தன.

இம்முறையில் மற்றொரு குறையும் இருந்தது. பிகோட்சியின் திரட்டில் பெரும்பாலும் தாமே பயின்ற கலைஞர்களுக்கே இடம் கிடைத்தது. கலைக் கல்லூரிகளில் பயின்று புதுமை செய்தோர் போதிய கவனம் பெறவில்லை. 'கல்லாத கைத்திறனே உண்மையான ஆப்பிரிக்கா' என்ற எண்ணம் வாங்குவோரிடையே பரவுவதற்கு இது இடமளித்தது எனப் பலர் கண்டித்தனர்.

இந்நிலையை மாற்ற முயன்றவருள் முதன்மையானவர் ஒக்வி என்வேசோர். 1963-இல் நைஜீரியாவின் கலபார் நகரில் பிறந்த இவர், 1994-இல் ஆப்பிரிக்கக் கலைக்கென ஓர் இதழைத் தோற்றுவித்தார். 1997-இல் ஜோகன்னஸ்பர்க் கலை விழாவை நடத்தினார். 2002-இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடைபெறும் 'டாக்குமென்டா' கண்காட்சிக்குத் தலைமை தாங்கினார். ஐரோப்பியர் அல்லாத ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதல் முறை. அதன் முன்னோடியாக நிகழ்ந்த கருத்தரங்குகளுள் ஒன்று 2001-இல் புதுடில்லியில் நடைபெற்றது. 2015-இல் அவர் பொறுப்பேற்று நடத்திய வெனிஸ் விழாவில், புட்டி மூடிகளைச் செம்புக் கம்பியால் கோத்துப் பெருந்திரைகள் அமைக்கும் கானா நாட்டுச் சிற்பி எல் அனட்சுயிக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வழங்கப்பட்டது.

இத்தகைய கண்காட்சிகளுக்கும் விலைக்கும் என்ன தொடர்பு? தம் கண்ணை மட்டும் நம்பிப் பெருந்தொகை கொடுப்போர் சிலரே. ஏலப் பட்டியலில் படைப்பின் கீழ் அது எந்தெந்தக் கண்காட்சிகளில் இடம்பெற்றது என்று அச்சிடுவார்கள். அவ்வரிகளே வாங்குவோருக்கு உறுதிமொழி. 2013-இல் லண்டனில் '1-54' என்னும் ஆப்பிரிக்கக் கலைச் சந்தை தொடங்கியது. 2017-இல் சோதபிஸ் ஏல நிறுவனம் இக்கலைக்கெனத் தனி ஏலம் நடத்தியது. காப்பாட்சியர் உழுது பண்படுத்திய நிலத்தில் வணிகர் விதைத்தனர் எனலாம். மான்யேனே 2009-இல் பாரிஸில் விற்பனைக்கூடம் தொடங்கியதையும் இங்கே நினைவுகூரலாம்.

தேர்ந்தெடுக்கும் உரிமை ஐரோப்பாவிலேயே தங்கிவிடலாகாது எனக் கருதிய பிசி சில்வா, 2007-இல் லாகோஸ் நகரில் கலை மையம் நிறுவினார். டக்காரில் அத்தகைய பணி செய்த கோயோ கூவோ, 2019-இல் கேப் டவுன் அருங்காட்சியகத்தின் தலைமையை ஏற்றார். என்வேசோரும் சில்வாவும் 2019-இல் மறைந்தனர். 2026-ஆம் ஆண்டு வெனிஸ் விழாவுக்குத் தேர்வுபெற்றிருந்த கூவோ 2025-இல் காலமானார். அவர்கள் நிறுவியவை அவர்கள் பெயரைச் சொல்கின்றன.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நாம் ஒரு மிதிலை ஓவியத்தின் முன் நிற்கும்போது அதன் அழகைக் காண்கிறோம், விலையையும் பார்க்கிறோம். இதை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் யார், நிறுத்தப்படாமல் விடப்பட்டவர் யார் என்ற வினாவையும் எழுப்பிக் கொள்வது நன்று.