காட்டுக்கோழிக் கிருமியும் ஈரல் ஆக்கிய மருந்தும்

மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டங்களை நாடி நடந்த வடபாதை, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்னும் ஊர்களைக் கடந்து மாத்தளையை அடைந்தது. மலைநாட்டின் வாயிலாக விளங்கிய அவ்வூரைக் காணுமுன்னரே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். மாத்தளை மாவட்டத்தின் தென்பகுதி குளிர்ந்த மலைநிலம். தம்புள்ளை, கலேவெல முதலிய வடபகுதிகளோ மலேரியா நிலைகொண்டிருந்த உலர்வலயம். 1934 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூண்ட மலேரியாக் கொள்ளைநோய் சில மாதங்களுள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அன்று மக்கள் பெரிதும் நம்பியிருந்த மருந்து குயினைன் ஒன்றே.

அக்கொள்ளைநோய் தணிந்த காலத்திலேயே, மனிதனைத் தீண்டாத பிறிதொரு மலேரியாக் கிருமி அறிவியலார் கவனத்துக்கு வந்தது. பிரெஞ்சு ஒட்டுண்ணியியலாளர் எமில் புரும்ப் 1935 இல் அதற்குப் பிளாஸ்மோடியம் கலினேசியம் எனப் பெயரிட்டார். கோழிக்குரிய கிருமி என்பது பொருள். காட்டுக்கோழிகளே இதன் இயல்பான உறைவிடம் எனக் கருதப்படுகிறது. மாத்தளை மாவட்டத்தின் வஸ்கமுவக் காடுகளிலும் நக்கிள்ஸ் மலைச்சாரலிலும் வாழும் இலங்கைக் காட்டுக்கோழி இத்தீவுக்கே உரிய பறவையாகும். இக்கிருமியை இலங்கையில் இயற்கையாகப் பரப்புவது மான்சோனியா கிராசிப்பெஸ் என்னும் நுளம்பு என 1965 இல் நைல்ஸ், பெர்னாண்டோ, திசாநாயக்க ஆகியோர் காட்டினர். புரும்ப் 1936 இல் இலங்கைக் கோழியொன்றிலிருந்து பெற்ற வழி '8ஏ' என்னும் குறியீட்டுடன் உலகின் ஆய்வுகூடங்கள் பலவற்றிற் பேணப்பட்டு வந்தது. குறியீடு நிலைத்த அளவுக்குப் பிறந்த நாடு நினைவில் நிலைக்கவில்லை.

1942 இல் யாவாத் தீவு யப்பானியர் வசமாயிற்று. குயினைன் வரத்து அற்றுப்போயிற்று. புதிய மருந்துகளைத் தேட வேண்டிய நெருக்கடி நேச நாடுகளுக்கு உண்டாயிற்று. மனித மலேரியாக் கிருமியை ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறை 1976 இலேதான் கைகூடியது. எனவே கோழிக்குஞ்சும் கலினேசியமும் அக்காலத்து மாதிரிகளாயின. மான்செஸ்டரில் ஐ.சி.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த கேர்ட், டேவி, ரோஸ் ஆகியோர் தாம் தொகுத்த சேர்வைகளைக் குஞ்சுகளிற் பரிசோதித்து, பலூட்ரின் எனப்பட்ட புரோகுவானிலை 1945 இல் வெளியிட்டனர்.

இங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. குஞ்சின் உடலில் அத்துணைத் திறம் காட்டிய அம்மருந்து, இழைய வளர்ப்பில் இருந்த அதே கிருமியை ஒன்றும் செய்யவில்லை. செறிவைக் கூட்டியும் பயனில்லை. இலண்டனில் ஃபிராங்க் ஹோக்கிங், மருந்து கொடுக்கப்பட்ட விலங்கின் குருதி நீர்ப்பாயத்தை எடுத்து வளர்ப்பிற் சேர்த்துப் பார்த்தார். கிருமிகள் மடிந்தன! அரைத்த ஈரலுடன் மருந்தைச் சேர்த்து வைத்தபோதும் அதே திறம் தோன்றியது. 1947, 1948 ஆண்டுகளில் வெளிவந்த இம்முடிவுகள் உணர்த்தியது யாது? கொடுக்கப்பட்ட பொருள் வேறு, கொல்லும் பொருள் வேறு. இடையில் நின்று ஆக்குவது ஈரல். உடல் மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் என்பது முன்னரே அறிந்தது. உடலே மருந்தை ஆக்கவும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. 1951 இல் அவ்விளைபொருள் இனங்காணப்பட்டது. புரோகுவானிலின் நீண்ட சங்கிலி இரு ஐதரசன் அணுக்களை இழந்து வளையமாக மூடிக்கொள்ள, சைக்குளோகுவானில் தோன்றுகிறது. அதனையே நேராகக் கொடுத்தாலென்ன என்று கேட்கலாம்; உடல் அதனை விரைந்து வெளியேற்றிவிடும். கண்ணாடிக் கலத்தை மட்டும் நம்பியிருந்தால் பலூட்ரின் பயனற்றதெனக் கழிக்கப்பட்டிருக்கும் என்பது நோக்கற்பாலது.

ஈரலின் தொழிலைப் பின்னர் வேறு நுண்ணங்கிகளிடமும் தேடினர். 1952 இல் அப்ஜோன் ஆய்வாளர் றைசோப்பசு என்னும் பங்கசைக் கொண்டு புரொஜெஸ்தரோனில் ஒட்சிசன் அணுவொன்றைப் புகுத்தியிருந்தனர். சிமித், ரொசாசா ஆகிய அமெரிக்கர் 1974 இல், பாலூட்டிகளின் மருந்து அனுசேபத்துக்கு நுண்ணங்கிகளை மாதிரியாகக் கொள்ளலாம் என எடுத்துக்காட்டினர். அவற்றுட் கனிங்ஹமெல்லா என்னும் பங்கசு புகழ்பெற்றது. விலங்கின் சிறுநீரிலிருந்து அரிதிற் பெறும் விளைபொருளைப் பங்கசு வளர்ப்பிலிருந்து போதிய அளவிற் பெறலாம். ஆயினும் பங்கசு ஈரலாகிவிடாது. அது ஆக்குவன யாவும் மனித உடலில் ஆகின்றனவா என்பதை மனிதரிடமே ஒப்புநோக்க வேண்டும்.

மனிதருள்ளும் ஈரல்கள் ஒருபடித்தானவை அல்ல. புரோகுவானிலை மாற்றும் முதன்மை நொதியமாகிய சிவைபி2சி19 சிலரிடம் பரம்பரையாகவே செயலற்றிருக்கிறது. ஐரோப்பியரினும் ஆசியரிடையே இத்தகையோர் மிகுதி. குஞ்சுகளிலும் ஐரோப்பியரிலும் கணிக்கப்பட்ட மருந்தளவு உலர்வலயத்து ஊர்களுக்கு அப்படியே பொருந்துமா என்னும் வினா இதனால் எழுந்தது.

இலங்கையில் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபரின் பின் பதிவாகவில்லை. 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதெனச் சான்றுரைத்தது. அச்சான்று மனித மலேரியாவைக் குறித்ததே. காட்டுக்கோழியின் கிருமி அதில் அடங்காது.