சீட்டும் நட்சத்திரமும்: வீட்டைத் துப்புரவு செய்பவரின் நம்பகம் குறித்து

தில்லியிலோ பெங்களூரிலோ புதிதாக ஒரு வீட்டில் குடியேறுபவர் முதல் வாரத்திலேயே தேடத் தொடங்குவது வீட்டைப் பெருக்கித் துடைக்க ஓர் ஆளை. தேடலில் கூலி பற்றிய கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். முதற்கேள்வி, 'நம்பலாமா?' என்பது. அண்டை வீட்டாரின் பரிந்துரை, காவல்நிலையப் படிவம், முகமையின் உறுதிமொழி, செயலியில் மின்னும் நட்சத்திரக் குறி என இதற்கான விடை பல வடிவங்களை எடுத்திருக்கிறது. இந்தியப் பெருநகரங்களில் இக்கேள்விக்கு இருநூற்றறுபது ஆண்டுக்கும் மேலான எழுத்துச் சான்றுகள் உண்டு. அவற்றை வரிசைப்படுத்திப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும்: பணியாளரை நம்பலாமா என்பதற்குத் தாள்கள் குவிந்துள்ளன, வீட்டுக்காரரை நம்பலாமா என்பதற்கு ஏறக்குறைய எதுவுமே எழுதப்படவில்லை.

கல்கத்தாவில் தொடங்கலாம். பிளாசிப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்த 1759இல், வேலையாள்கள் துடுக்குத்தனம் மிகுந்து அளவுக்கு மீறிக் கூலி கேட்கிறார்கள் என்று நகரத்து ஆங்கிலேயர் முறையிட, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகம் மாத ஊதியப் பட்டியல் ஒன்றை வகுத்தது. கான்சாமாவுக்கு 5 ரூபாய், தலைமைச் சமையற்காரருக்கு 5, வண்டியோட்டிக்கு 5, உணவு பரிமாறும் கித்மத்காருக்கு 3, தீவட்டி பிடிக்கும் மசால்ச்சிக்கு 2 என்று நீளும் அப்பட்டியலின் அடியில் 'ஹரி'ப் பெண் வருகிறாள். வங்காளத்தில் துப்புரவுப் பணியோடு பிணைக்கப்பட்ட சாதியின் பெயர் அது. குடும்பமாயின் அவளுக்கு 2 ரூபாய். தனியாளாயின் 1 ரூபாய்.

இந்த ஒரு வரி நின்று பார்க்கத்தக்கது. கான்சாமாவின் ஊதியம் அவருடைய பதவிக்கு உரியது. எந்த வீட்டில் இருந்தாலும் 5 ரூபாய்தான். ஹரிப் பெண்ணின் ஊதியமோ வீட்டின் அளவைப் பொறுத்தது. துணி வெளுப்பவருக்கும் அவ்வாறே: குடும்பத்துக்கு 3 ரூபாய், தனியாளுக்கு ஒன்றரை. வீட்டோடு தங்கும் வேலையாளுக்கு இத்தகைய இரட்டை விகிதம் தேவைப்படாது. ஒரே பெண் பல வீடுகளைச் சுற்றி வந்து பெருக்கியிருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு. அவ்வாறாயின், 'இத்தனை அறை, இத்தனை பேர், மாதம் இவ்வளவு' என்று இன்றும் நடக்கும் பேரத்தின் முன்னோடியை 1759ஆம் ஆண்டிலேயே காண்கிறோம்.

பெயர்களுக்கு வருவோம். துப்புரவு செய்பவருக்கு வழங்கப்பட்ட பெயர்களில் வேறெந்தத் தொழிலிலும் காண முடியாத ஒரு வினோதம் உண்டு. 'ஹலால்கோர்' என்றால் நேரிய வழியில் உழைத்து உண்பவர்; இப்பெயரைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தவர் அக்பர் என்று அயினி அக்பரி குறிக்கிறது. 'மேத்தர்' என்னும் பாரசீகச் சொல்லின் பொருள் பெரியவர், தலைவர். 'ஜமாதார்' படைப்பிரிவின் அதிகாரிக்குரிய பட்டம். வட இந்திய வீடுகளில் அது கழிப்பறை கழுவுபவரைக் குறிக்கும் சொல்லாயிற்று. உயர்ந்த சொல்லைக் கொண்டுவந்து தாழ்த்தப்பட்ட தொழிலின்மேல் போர்த்துவதும், சில தலைமுறைகளில் அந்தச் சொல்லே வசையாகத் தேய்வதும், பிறகு இன்னொரு சொல்லைத் தேடுவதும் இங்கே மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கின்றன. வங்காளியின் 'ஜி' இதற்கு வேறொரு வகைச் சான்று. மகள் என்னும் பொருளுடைய வடமொழிச் சொல்லின் வழிவந்த அது வீட்டு வேலைக்காரியைக் குறித்து, இழிவேறி, இன்று 'காஜேர் மாஷி', அதாவது வேலைக்குரிய சித்தி, என்ற தொடருக்கு இடம் விட்டிருக்கிறது. மராத்தியின் 'மோல்கரீண்' மட்டும் ஒளிவு மறைவு இல்லாதது. 'மோல்' என்றால் விலை. விலைக்கு உழைப்பவள் என்று அச்சொல் நேராகவே சொல்லிவிடுகிறது, உறவுமுறை கொண்டாடுவதில்லை.

பெயரில் பெரியவரான மேத்தர் வீட்டுக்குள் நுழைந்த வழி வேறு. காலனியக் கால பங்களாக்களின் குளியலறைகளுக்கு வெளிப்புறமாக ஒரு தனிக்கதவு வைத்தார்கள். துப்புரவு செய்பவர் வீட்டின் மற்ற அறைகளை மிதிக்காமல் வந்து, கழிவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவதற்கான வழி அது. வீட்டைத் தூய்மையாக்கும் கையே வீட்டுக்குத் தீட்டு என்ற கணக்கு கட்டடக்கலையிலேயே இடம்பிடித்துவிட்டது. இன்றைய அடுக்குமாடிகளில் பணியாளருக்கெனத் தனி மின்தூக்கி ஒதுக்குபவர்களுக்கு அந்தக் கதவு நினைவில் இருக்க வாய்ப்பில்லை.

இனி சீட்டு. ஆங்கிலேயர் வீடுகளில் வேலை கேட்டு வருபவர் முந்தைய எசமானர் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தைக் காட்ட வேண்டும். இந்தியில் 'சிட்டி' எனப்படும் அது ஆங்கிலத்தில் 'சிட்' ஆயிற்று. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இச்சொல்லுக்குக் கடிதம் என்பதோடு வேலையாளுக்குத் தரும் சான்று என்ற பொருளையும் பதிவுசெய்து, தமிழரின் 'சீட்டு' என்ற சொல்லையும் உடன் சுட்டுகிறது. (அகராதியின் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், நூல் அச்சேறுமுன் 1882இல் மறைந்தார்.) வேலையாளின் வாழ்க்கை முழுதும் அழுக்கேறிய ஒரு துணிப்பையில் மடித்து வைத்த இத்தாள்களில் அடங்கியிருந்தது. தாளில் இருந்த மொழியோ அவருக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலம். புகழ்ச்சிபோல் தொடங்கி இகழ்ச்சியில் முடியும் சான்றுகளை எழுதிக் கொடுத்து, அதை அறியாத பணியாளர் பெருமையோடு அடுத்த வீட்டில் நீட்டுவதைச் சொல்லிச் சிரிப்பது அக்கால ஆங்கிலேயரின் வழக்கமான வேடிக்கைகளுள் ஒன்று.

பணியாளர்களும் சும்மா இருக்கவில்லை. சீட்டுகள் இரவல் வாங்கப்பட்டன, வாடகைக்கு விடப்பட்டன, எழுதத் தெரிந்தவர்களிடம் காசு கொடுத்து எழுதியும் வாங்கப்பட்டன. இதனைப் பணியாளரின் அயோக்கியத்தனத்துக்குச் சான்றாக எசமானர்கள் எழுதிவைத்தார்கள். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாத மொழியில் பிறர் எழுதுவதே ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்குமானால், அந்தத் தாளுக்கு ஒரு சந்தை உருவாவது இயல்பே.

சீட்டு வழக்கத்திற்குரியது, சட்டம் அதைவிடக் கடுமையானது. 1819ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குவிதி ஏழு, பணியாளர் ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 381ஆம் பிரிவு வேலையாள் எசமானரின் பொருளைத் திருடுவதற்கென்றே தனியாக எழுதப்பட்டது. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. வேலையாளின் திருட்டுக்கு ஏழாண்டு வரை. வீட்டுக்குள் நடக்கும் எந்தத் திருட்டுக்கும் முந்தைய 380ஆம் பிரிவிலேயே அதே ஏழாண்டு இருக்கிறது என்பதால், வீட்டுப்பணியாளரைப் பொறுத்தவரை 381 தண்டனையைக் கூட்டவில்லை. சந்தேகத்துக்குரியவர் யார் என்பதைப் பெயர் சொல்லிக் குறித்ததுதான் அது செய்த வேலை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்பிரிவு 306ஆம் எண்ணோடு தொடர்கிறது. மாதக் கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றும் வீட்டுக்காரருக்கென அப்படி ஒரு தனிப்பிரிவு எழுதப்படவில்லை.

விடுதலைக்குப்பின் நிகழ்ந்த பெருமாற்றம் வேலையாளின் பாலினத்தில். கான்சாமா, கித்மத்கார் போன்ற ஆண்கள் நிறைந்த பெரிய வீடுகள் சுருங்கின. பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஏழைப் பெண்கள் கல்கத்தாவில் பல வீடுகளில் மணிக்கணக்கில் வேலை செய்யும் 'டிக்கா' முறைக்கு வந்தார்கள். 1959இல் வீட்டுப்பணியாளரின் பணிநிலைமைகள் குறித்து நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. அவை சட்டமாகவில்லை. அதன்பின் வந்தவற்றின் கதியும் அதுவே.

சட்டம் செய்யாததைப் புணே நகரத்துப் பெண்கள் 1980இல் செய்து பார்த்தார்கள். பாத்திரம் துலக்கி வீடு துடைக்கும் மோல்கரீண்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கினர். ஊதிய உயர்வும் விடுப்பும் கேட்டனர். நகர மோல்கரீண் சங்கம் அதிலிருந்து பிறந்தது. நம்பகம் பற்றிய வரலாற்றில் விடுப்பு என்ற கோரிக்கைக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. 'சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறாள்' என்பதுதான் வீட்டுக்காரரின் நிரந்தரப் புலம்பல். திருட்டைப் பற்றிய புகாரைவிட அன்றாடம் ஒலிப்பது அது. மாதத்தில் இத்தனை நாள் கூலியோடு விடுப்பு என்று வரையறுக்கப்பட்ட வேலையில் ஒருவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விடுப்பு எடுப்பார். விடுப்பே இல்லாத வேலையில், கேட்டால் மறுக்கப்படும் அல்லது கூலி பிடிக்கப்படும் என்று தெரிந்த ஒருவர், சொல்லாமல் இருந்துவிடுகிறார். குணக்கேடு என்று சீட்டு எழுதியவர்கள் குறித்ததில் பெரும்பகுதி பணிநிபந்தனையின் விளைவே.

இதற்காக வீட்டுக்காரரின் அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. முதியவர் தனித்திருக்கும் வீட்டின் சாவியை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுப்பது எளிய செயலன்று. அந்த அச்சத்துக்கு அரசு தந்த விடை காவல்துறைச் சரிபார்ப்பு. வேலையாளின் விவரங்களைக் காவல்நிலையத்தில் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின் கீழ்த் தில்லி காவல்துறை ஆணைகள் பிறப்பித்திருக்கிறது. நிழற்படம், சொந்த ஊர் முகவரி, அறிந்தவர் பெயர் என்று படிவம் கேட்கிறது. பழைய வழக்கு உண்டா என்பதை அது சொல்லக்கூடும். ஊதியம் எவ்வளவு என ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதையும் வீட்டுக்காரர் கையொப்பமிட்டுத் தரவேண்டும் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. சந்தை தந்த விடை ஆள்சேர்ப்பு முகமை. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளிலிருந்து பழங்குடிச் சிறுமியரைத் தில்லிக்குக் கொண்டுவந்து, ஊதியத்தைத் தாமே வாங்கிக்கொண்ட முகமைகளின் கதை வெளிப்பட்ட பின்னரே சத்தீஸ்கர் 2013இல் அவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. வீட்டுக்காரருக்கு உத்தரவாதம் அளித்த அதே நிறுவனத்தால் சிறுமி தன் கூலியை இழந்தாள்.

இரு தரப்பின் நம்பிக்கையின்மையும் நேருக்கு நேர் மோதிய காட்சியை 2017 ஜூலையில் நொய்டா கண்டது. ஓர் அடுக்குமாடி வளாகத்தில் வேலைக்குச் சென்ற பெண் இரவு வீடு திரும்பவில்லை. அவர் பணம் திருடியதாக வீட்டுக்காரர் கூறினார். கூலி பாக்கியைக் கேட்டதற்காக அடைத்து வைத்து அடித்தார்கள் என்று அப்பெண் தரப்பு கூறியது. விடியற்காலையில் அருகிலிருந்த குடிசைப் பகுதி மக்கள் வளாகத்தின் வாயிலில் திரண்டனர், கல்வீச்சு நடந்தது. வழக்குகள் இரு தரப்பின் மீதும் பதிவாயின. சிறைக்குச் சென்றவர்கள் குடிசைப் பகுதியினர்.

எண்ணிக்கையிலேகூட இத்தொழில் தெளிவற்றது. 2011-12ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வைக் கொண்டு அரசு நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு 39 லட்சம் பேர், அவர்களுள் 26 லட்சம் பெண்கள். 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் வீட்டுப்பணியாளர் என்று பதிந்துகொண்டவர்களோ இரண்டரைக் கோடிக்கும் மேல். வீட்டுப்பணியாளருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கைக்கு 2011இல் இந்தியா ஆதரவாக வாக்களித்தது, ஏற்புறுதி அளிக்கவில்லை. குறைந்தபட்ச ஊதியத்தைக் கர்நாடகம் 2004இலும் தமிழ்நாடு 2018இலும் அறிவித்தன. அந்த ஆணையைக் கண்ணால் பார்த்த வீட்டுக்காரர்கள் சிலரே இருப்பார்கள்.

சீட்டு இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டது. அடுக்குமாடிகளின் வாயில் செயலிகளில் பணியாளரின் வருகை நேரமும் குடியிருப்பவர்கள் அளித்த மதிப்பெண்ணும் பதிவாகின்றன. துணிப்பையில் இருந்த தாளையாவது வேண்டாதபோது கிழித்தெறிய முடிந்தது. இரவல் தரவும் முடிந்தது.

2025 ஜனவரி 29இல் உச்ச நீதிமன்றம், வீட்டுப்பணியாளரின் பாதுகாப்புக்கான சட்டக் கட்டமைப்பை ஆராயக் குழு அமைத்து ஆறு மாதங்களில் அறிக்கை பெறுமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. அதே ஆண்டு மார்ச்சில் அர்பன் கம்பெனி மும்பையில் 'இன்ஸ்டா மெய்ட்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியது: பாத்திரம் துலக்க, பெருக்க, துடைக்க 15 நிமிடத்தில் ஆள், அறிமுகக் கட்டணம் மணிக்கு 49 ரூபாய். கண்டனம் எழுந்ததும், பணிபுரிவோருக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கும், காப்பீடும் உண்டு என்று நிறுவனம் விளக்கியது. பணிப்பெண் என்ற சொல்லை நீக்கி, சேவையின் பெயரையும் 'இன்ஸ்டா ஹெல்ப்' என்று மாற்றிக்கொண்டது.