முகமும் தீர்ப்பும்

ஒருவனின் முகத்தை முன்புறமாகவும் பக்கவாட்டிலும் காட்டும் பொலிஸ் புகைப்படத்தைக் காண்போர், அவன் செய்த குற்றம் யாதென அறியுமுன்னரே அவனைக் குற்றவாளி எனக் கொள்கின்றனர். இப்படத்தின் வரலாற்றை நோக்கின், அது தீர்ப்புக் கூறுவதற்காக எழுந்ததன்று. ஆளை அடையாளங் காண்பதற்காகவே எழுந்தது என்பது புலனாகும்.

பிரான்சில் குற்றவாளிகளின் உடலிற் சூட்டுக்குறி இடும் வழக்கம் 1832இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின், முன்னர் தண்டனை பெற்றவன் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அகப்படின் அவனை இனங்காணுதல் அரிதாயிற்று. பொலிசார் புகைப்படங்களைத் திரட்டினர். எனினும் ஒளியும் தூரமும் படத்துக்குப் படம் வேறுபட்டன. பொய்ப்பெயர் கூறுவோனின் பழைய படத்தை அக்குவியலிலே தேடியெடுத்தலும் எளிதாயிருக்கவில்லை.

1879இல் பாரிஸ் பொலிஸ் தலைமையகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்த அல்போன்ஸ் பேர்த்தியோன் இச்சிக்கலுக்கு வழி கண்டார். தலையின் நீள அகலம், நடுவிரல், பாதம் முதலியவற்றின் அளவுகளைக் கொண்டு கைதிகளின் அட்டைகளை வகைப்படுத்தினார். புகைப்படத்துக்கும் விதி வகுத்தார். ஒரே தூரம், ஒரே ஒளி, ஏழிலொரு பங்கு அளவு, முன்தோற்றம் ஒன்று, பக்கத்தோற்றம் ஒன்று என்பன அவ்விதிகளாம். காதின் வடிவம் ஆளுக்காள் வேறுபடுதலின் பக்கத்தோற்றம் இன்றியமையாதது என அவர் கருதினார். இம்முறையை விளக்கி 1890இல் நூலொன்றும் வெளியிட்டார்.

இத்தகைய படங்களிற் குற்றத்தின் சாயலையே தேட முற்பட்டோரும் அக்காலத்தில் இருந்தனர். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கோல்ற்றன் 1870களின் இறுதியிற் கைதிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, குற்றவாளிக்கே உரிய முகத்தைக் காண விழைந்தார். தோன்றியதோ சாதாரண மனித முகமே. தனிப்படங்களிற் கொடுமையெனத் தோன்றிய கூறுகள் மறைந்துபோனமையை அவரே ஒப்புக்கொண்டார்.

பெலிக்ஸ் பெனெயோன் என்பாரின் கதை ஈண்டு நினைக்கத்தக்கது. கலை விமர்சகரும் பிரெஞ்சு யுத்த அமைச்சின் எழுதுவினைஞருமான அவர், 1894இல் அராஜகவாதிகளோடு தொடர்புடையவர் எனக் கைதுசெய்யப்பட்டார். பேர்த்தியோனின் முறைப்படி அவரது படமும் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் நீதிமன்று அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. படமோ அழியவில்லை, இன்று அது நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. விடுதலைச் செய்தியை அறியாது அதனை நோக்குவோர் அம்முகத்தில் எதனைக் காண்பர்?

இவ்வகைப் படங்கள் நம்மைக் கவர்வதற்குக் காரணம், தீமையை முகத்திலேயே கண்டுகொள்ளலாம் என்னும் நமது பழைய நம்பிக்கையாகும். இவர் இன்னார் என்பதற்கு மேலாக அப்படம் எதனையும் கூறுவதில்லை. இவர் இன்னது செய்தார் எனக் கூறவேண்டியது நீதிமன்று. அது கூறும்வரை காத்திருத்தல் நம் கடன்.