விளையாடாதவரின் இருக்கை

ஓசூரில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இயங்கும் குழந்தைகள் விளையாட்டு மையத்துக்குச் சென்ற ஆண்டு போக நேர்ந்தது. உறவினர் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். வலைத் தடுப்புக்குள் பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். அட்டையைத் தேய்த்தால் கூவத் தொடங்கும் எந்திரங்கள் வரிசையாக நின்றன. எங்களுடன் வந்திருந்த குழந்தையின் பாட்டி உட்கார இடம் தேடி அந்தத் தளத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். கடைசியில் செருப்பு வைக்கும் பலகையின் ஓரத்தில் அமர்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். வீடு திரும்பும்போது, "டேம் பார்க்குல பாய் விரிச்சு உக்காரவாச்சும் எடம் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்ன டேம், கிருஷ்ணகிரி அணை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், இந்த எல்லைப்புறத்தில் குடும்பங்கள் ஓய்வு நாளை எப்படிக் கழித்தன என்பதற்கு ஒரு வரலாறு கிடைக்கிறது. அதை எழுதிப் பார்க்கும் முயற்சியே இது.

*

அணையோடு பூங்காவையும் சேர்த்துக் கட்டும் வழக்கம் நம் பக்கத்துக்கு மைசூரிலிருந்து வந்தது என்றே கருதுகிறேன். கிருஷ்ணராஜசாகர் அணை பாசனத்துக்காகவும், கோலார் தங்கவயலுக்குத் தடையின்றி மின்சாரம் செல்வதற்காகவும் கட்டப்பட்டது. விசுவேசுவரய்யாவின் பெயரோடு இணைத்தே அதை நாம் அறிவோம். ஆனால் அணையின் காலடியில் இருக்கும் பிருந்தாவனம் திவான் மிர்சா இஸ்மாயிலின் கனவு. காசுமீரத்து ஷாலிமார் தோட்டத்தை மனத்தில் வைத்து 1927இல் தொடங்கி 1932இல் முடித்தார்கள். கிரும்பீகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை அறிஞரின் கை அதில் உண்டு. நீரூற்றும் வண்ண விளக்கும் பின்னாளில் எத்தனையோ தமிழ்த் திரைப்படப் பாடல்களுக்குப் பின்புலமாயின. மைசூருக்குப் போகாதவர்களுக்கும் அந்தத் தோட்டம் தெரிந்திருந்தது.

சென்னை மாகாணத்தில் 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. பின்னர் காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கிருஷ்ணகிரி, சாத்தனூர், வைகை என அணைகள் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூங்கா அமைந்தது. தென்பெண்ணையின் குறுக்கே 52 அடி நீர்மட்டத்துக்குக் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணை சுமார் 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. பொதுப்பணித்துறைப் பொறியாளர்களின் கணக்கேடுகளில் பூங்கா ஒரு துணை வேலையாகவே இருந்திருக்கும். ஆனால் சுற்றுவட்டாரத்து மக்களுக்கு அந்தத் துணை வேலைதான் அணை.

காணும் பொங்கலன்றும் ஆடிப்பெருக்கன்றும் அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே மரநிழலில் கேட்கும். தூக்குவாளியில் புளிச்சோறு, தயிர்ச்சோறு. அதோடு, கண்ணெதிரே பொரித்துத் தரும் அணை மீன். பிள்ளைகள் சறுக்குமரத்தில் இருப்பார்கள். ஆண்கள் மதகுப் பக்கம் தண்ணீர் பார்க்கப் போவார்கள். பெண்கள் பாயை விரித்துக் கதை பேசுவார்கள். வயதானவர்கள் அதே பாயில் படுத்துக் கண்ணயர்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூங்காவில் 'விளையாடுபவர்', 'விளையாடாதவர்' என்ற பிரிவு இல்லை. தண்ணீரைப் பார்ப்பதுதான் கேளிக்கை என்பதால் அதற்கு வயதும் உடல்வலுவும் தேவைப்படவில்லை. தேரோடும் ஓசூர் சந்திரசூடேசுவரர் கோயில் திருவிழாவும், கோடைதோறும் கிருஷ்ணகிரியில் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியும் இதே வகையைச் சேர்ந்தவை. ராட்டினத்தில் ஏறுபவர்கள் ஏறுவார்கள். ஏறாதவர்கள் மிளகாய் பஜ்ஜியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரு சாராருக்கும் அது திருவிழாதான்.

*

நம் அணைகள் எழுந்த அதே 1950களில் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் தம் இரு மகள்களும் குதிரை ராட்டினத்தில் சுற்றுவதைப் பார்த்தபடி, வால்ட் டிஸ்னி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது வழக்கம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருக்கக்கூடாதா என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில்தான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது.

அடுத்த திருப்பம் 1977இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் நிகழ்ந்தது. அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கிய நோலன் புஷ்னெல், பீட்சா உணவகத்தையும் காசு போட்டு ஆடும் விளையாட்டு எந்திரங்களையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தார். அந்தக் கடை பின்னர் சக் ஈ. சீஸ் என்ற பெயரில் பெருகியது. பீட்சா வேகும்வரை பிள்ளைகள் விளையாடும், பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதே அதன் எளிய சூத்திரம். இன்று உலகெங்கும் 'குடும்பக் கேளிக்கை மையம்' என்று அழைக்கப்படும் தொழிலுக்கு அது ஒரு முன்மாதிரியாயிற்று.

தொழிலின் இந்த இரண்டு தோற்றுவாய்களிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்காகச் சிந்தித்ததில்தான் தொழில் பிறந்தது. நம் ஊருக்கு அது வந்து சேர்ந்தபோது எந்திரங்கள் வந்தன. அவருடைய இருக்கை வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

*

இந்தியாவில் இந்தத் தொழிலின் வரலாறு குறுகியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயரில், 1984இல் தில்லியில் அப்பு கர் திறக்கப்பட்டது. 2008இல் அது மூடப்பட்டது. மும்பையில் 1989இல் எஸ்ஸெல் வேர்ல்டு வந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். வி-கார்டு நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சியில் வீகாலாந்தையும், 2005இல் பெங்களூரு அருகே பிடதியில் வொண்டர்லாவையும் அமைத்தார்.

இதே காலத்தில் ஓசூர் வேறோர் ஊராக மாறிக்கொண்டிருந்தது. 1971இல் உருவான சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980களில் அசோக் லேலண்டும், டி.வி.எஸ். மொபெட்டும், டைட்டன் கைக்கடிகாரமும் இவ்வூரின் அடையாளங்களாயின. மாதச் சம்பளம், வார விடுமுறை, இரண்டு பிள்ளைகள், ஒரு மொபெட் என்று புதிய குடும்பம் ஒன்று உருவானது. அந்தக் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருந்தது. ஆனால் அதைச் செலவழிக்கும் இடம் ஊருக்குள் இல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டி லால்பாகுக்கும் பன்னர்கட்டாவுக்கும் போனார்கள். 2004இல் பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே, கோரமங்களாவில், ஃபோரம் மால் திறந்தது. ஓசூரில் ஈட்டிய பணம் விடுமுறை நாளில் ஓசூர் சாலை வழியாகவே கர்நாடகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வரிக்கும் இதில் பங்குண்டு. 2017 ஜூலையில் கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டு, 2018 ஜனவரியில் அது 18 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அதற்குமேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் இருந்தது. சென்னையை ஒட்டிய வொண்டர்லா பூங்கா ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதற்கு அந்த வரி ஒரு முக்கியக் காரணம். 2025 டிசம்பரில்தான் அது திறக்கப்பட்டது.

*

கேளிக்கை தனியார் கைக்குப் போனது ஒரு பாதிக்கதை. பொதுவில் இருந்தது கெட்டுப்போனது மறுபாதி. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டுதான் தமிழகத்துக்குள் நுழைகிறது. ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையில் ஆளுயர நுரை பொங்கும் படங்களை அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்களில் பலமுறை பார்த்துவிட்டோம். கிருஷ்ணகிரி அணையிலோ 2017 நவம்பரில் மதகின் ஷட்டர் ஒன்று உடைந்து தேங்கிய நீர் வீணாக வெளியேறியது. தண்ணீர் பார்க்கப் போன குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினால், அடுத்த வாரம் குளிரூட்டிய மேல்தளத்துக்குத்தான் போகும். ஆகவே விளையாட்டு மையங்களைக் குறைசொல்லிப் பயனில்லை. காலியான இடத்தில் அவை வந்து நிற்கின்றன.

வந்து நிற்பவை நிலைக்க வேண்டுமானால் சில கணக்குகள் சரியாக வேண்டும். சனி, ஞாயிறு கூட்டம் எந்த மையத்துக்கும் வரும். திங்கள் முதல் வெள்ளி வரை வாடகையும் மின்கட்டணமும் சம்பளமும் யார் தருவார்கள் என்பதுதான் கேள்வி. பள்ளிச் சுற்றுலா, பிறந்தநாள் விழா, ஆலைகளின் குடும்ப விழா ஆகியவையே அதற்கு விடைகள். சுழல்முறைப் பணிநேரமும் மாறி மாறி வரும் வார விடுப்பும் கொண்ட ஆலைத்தொழிலாளி, செவ்வாய்க்கிழமை மதியம் குடும்பத்தோடு வரக்கூடியவர். ஞாயிறு விலையையே அவரிடமும் கேட்டால் அவர் வரமாட்டார். நுழைவுச்சீட்டு வருமானத்துக்கு உணவு வருமானம் துணைநிற்க வேண்டும். உட்கார்ந்தால்தான் உண்பார்கள். உட்கார வசதி இருந்தால்தான், ஒரு மணி நேரத்தில் கிளம்பவிருந்த குடும்பம் மூன்று மணி நேரம் தங்கும். இருக்கை போட்ட இடத்தில் இன்னும் இரண்டு எந்திரங்கள் வைக்கலாமே என்று நினைக்கும் உரிமையாளர், பாட்டியோடு சேர்த்து அந்தக் குடும்பத்தின் மறுவருகையையும் இழக்கிறார்.

'குடும்பம்' என்ற சொல்லையும் இங்கே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. போச்சம்பள்ளி அருகே ஓலா மின்வண்டி ஆலை 2021இல் முழுக்கப் பெண்களே இயக்கும் ஆலையாக அறிவிக்கப்பட்டது. ஓசூர் வட்டாரத்து டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் வெளியூரிலிருந்து, வெளிமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். அவர்களுடைய குடும்பம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஓய்வு நாளில் நான்கு தோழிகளாக வந்து, அச்சமின்றி அமர்ந்து, தேநீர் குடித்து, விடுதி அடைக்கும் நேரத்துக்குள் பேருந்தில் திரும்பக்கூடிய இடம் எது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் மையம்தான் இவ்வூரின் இன்றைய குடும்பக் கேளிக்கை மையமாக இருக்க முடியும்.

*

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் டி.ஆர்.பி. விளையாட்டு மையத்தில் தீப்பிடித்தது. கோடை விடுமுறை, சனிக்கிழமை. நுழைவுக் கட்டணத்தை 99 ரூபாயாகக் குறைத்திருந்தார்கள். தகரக் கூரை போட்ட தற்காலிகக் கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லை. கார்ட் வண்டிகளுக்கான எரிபொருள் உள்ளேயே இருந்தது, பற்றவைப்பு வேலையும் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். மனிதரால் நேர்ந்த பேரழிவு என்று அம்மாநில உயர்நீதிமன்றம் சொன்னது.

அணைப் பூங்காவுக்கு நான்கு புறமும் வாசல். மேல்தளத்து மையத்துக்கோ பெரும்பாலும் ஒரு மின்தூக்கியும் ஒரு படிக்கட்டும்தான். அன்று பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் அவசர வழி எங்கே என்று தேடினேன். கதவு இருந்தது. அதன்முன் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பாட்டிக்கு ஒரு நாற்காலி கிடைக்காத அதே தளத்தில்.

ஊழியர் ஒருவரிடம் சொன்னேன். நல்ல பையன், உடனே நாற்காலிகளை நகர்த்தினார். ஒன்றைத் துடைத்துப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் மறுத்துவிட்டார். "கெளம்பற நேரத்துல எதுக்கு கண்ணு" என்றார்.