கடலூரின் வரலாற்றுச் சின்னங்கள்: கட்டடமும் ஆவணமும் இடப்பெயரும்

ஆய்வுச் சுருக்கம்

கடலூரின் பழமையைக் காட்டும் சான்றுகளில் பெரும்பகுதி இன்று கட்டடமாக நிலைத்திருக்கவில்லை. குடிகாடு – காரைக்காடு தொல்லியற் பகுதி, திருப்பாதிரிப்புலியூர், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை, கேப்பர் மலைச் சிறை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் எச்சங்களை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இந்நகரின் வரலாறு குறைவுபட்டே புலப்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கடலூர், குடிகாடு, பாதிரிப்புலியூர், லோகவிபாகம், புனித டேவிட் கோட்டை, இடப்பெயராய்வு.

முன்னுரை

தமிழகத்தின் வரலாற்றுச் சிறப்புடைய ஊர்களை வரிசைப்படுத்துவோர் ஓங்கிய கோபுரத்தையும் சிதையாத கோட்டையையும் முதன்மைப்படுத்துவது வழக்கம். அவ்வளவுகோலின்படி தெற்கே சிதம்பரமும் வடக்கே புதுச்சேரியும் முன்னிற்க, இடைப்பட்ட கடலூர் கடந்து செல்லும் ஊராகவே கருதப்படுகிறது. ஆயினும் கடல் வாணிகம், சமணக் கல்வி, பக்தி இயக்கம், ஐரோப்பியர் போட்டி, விடுதலைப் போராட்டம் ஆகிய ஐந்தும் சந்தித்த களம் இது. அவற்றின் சான்றுகள் மண்ணடியிலும் ஏட்டிலும் ஊர்ப்பெயரிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

குடிகாடும் காரைக்காடும்

கடலூர் – சிதம்பரம் நெடுஞ்சாலையை ஒட்டி, உப்பனாற்றின் அண்மையில் குடிகாடு, காரைக்காடு ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. இப்பகுதியில் கிடைத்த மணிகளும் பானையோடுகளும் அரிக்கமேட்டுப் பொருள்களோடு ஒப்பிடத்தக்கவை. சோழமண்டலக் கரையின் வெளிநாட்டு வாணிகம் ஒரே துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை என்பதை இவ்வொப்புமை உணர்த்துகிறது. ஆற்றுமுகங்களைச் சார்ந்த சிறு குடியிருப்புகளும் அவ்வாணிக வலையில் பங்கு கொண்டன.

இன்று இப்பகுதி சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்துள் உள்ளது. கோயிலின் பழமை வழிபாட்டால் காக்கப்படும். மண்ணுள் புதைந்த குடியிருப்புக்கு அத்தகைய காவல் இல்லை. அடித்தளத்துக்காகத் தோண்டப்படும் ஒவ்வொரு குழியும் படிவரிசையைக் குலைக்கும். குலைந்த மண்ணடுக்கிலிருந்து பொருளை எடுக்கலாம். அதன் காலத்தை உறுதியாகக் கூற இயலாது.

திருப்பாதிரிப்புலியூர்

இவ்வூர்ப் பெயரின் முற்பகுதி பாதிரி மரத்தைக் குறிக்கும். அம்மரத்தின் வடமொழிப் பெயர் பாடலி. பாடலீசுவரர் என்னும் இறைவன் பெயரும் பாடலிபுத்திரம் என்னும் பழைய ஊர்ப்பெயரும் இவ்வடிப்படையில் அமைந்தவை. புலியூர் என்னும் பிற்பகுதி, பெரும்பற்றப்புலியூர் எனப்படும் சிதம்பரத்தோடு இதனை ஒரு தலமரபில் இணைக்கிறது.

சர்வநந்தி என்னும் சமண அறிஞர் லோகவிபாகம் என்னும் நூலைப் பாடலிகை என்னும் ஊரில், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல் (கி.பி. 458) எழுதி முடித்தார் என்பது அந்நூலின் பிற்கால வடமொழி வடிவம் தரும் செய்தி. அறிஞர்கள் பாடலிகையைத் திருப்பாதிரிப்புலியூராகக் கொள்கின்றனர். பல்லவர் காலவரிசையை வரையறுப்பதற்கு உதவும் அரிய குறிப்பு இது. இடமதிப்பு முறையில் எண்களைச் சொற்களால் குறிக்கும் வழக்கு இந்நூலில் காணப்படுவதால் கணித வரலாற்றாசிரியரும் இதனை எடுத்தாள்கின்றனர்.

திருநாவுக்கரசர் சமணராக இருந்த காலத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு இவ்வூர்ப் பள்ளியில் விளங்கியதாகப் பெரியபுராணம் கூறும். கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட அவர் இவ்வூர்க் கரையை அடைந்தார் என்னும் மரபு, கரையேறவிட்டகுப்பம் என்னும் இடப்பெயரில் நிலைபெற்றுள்ளது. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பப்பட்டது என்பதும் அந்நூற்செய்தியே. பெரியபுராணம் நிகழ்ச்சிக்கு ஐந்து நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆகவே அதன் செய்திகளைச் சமய நினைவாகவும் ஆராய வேண்டும். எனினும், இங்குச் சமணக் கல்வி செழித்தது என்பதில் சைவ இலக்கியமும் சமண நூலும் ஒத்துப்போவது குறிப்பிடத்தக்கது.

புனித டேவிட் கோட்டை

1690இல் செஞ்சியிலிருந்த மராத்திய அரசர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள நிலம் கம்பெனிக்கு உரியது என்பது விற்பனை ஒப்பந்தம். அவ்வாறு எல்லைக்குட்பட்ட ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரும் இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படுகிறது. பழைய நில ஆவணங்களோடு ஒப்பிட்டு உறுதிசெய்யத் தக்க இடப்பெயராய்வுக் களம் இது.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இக்கோட்டைக்கு மாறி, 1752வரை நீடித்தது. 1756இல் ராபர்ட் கிளைவ் இதன் ஆளுநராக அமர்த்தப்பட்டார். 1758 ஜூனில் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றி இடித்தது. 1782இல் கடலூர் பிரெஞ்சு – மைசூர்க் கூட்டணியிடம் வீழ்ந்தது. மறு ஆண்டு ஆங்கிலப் படை நகரை முற்றுகையிட்டது. 1783 ஜூன் 20இல் ஹியூஸ், சுஃப்ரான் ஆகியோரின் கப்பற்படைகள் கடலூருக்கு அருகே மோதின. ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்தபின்னரே போர் நின்றது. தொலைநாட்டு அரசியல் ஒரு சிற்றூர்க் கரையின் விதியை முடிவுசெய்தமைக்கு இது சான்று. கெடிலத்தின் கரையில் எஞ்சிய சிதைவுகளைக் காண்போருக்கு இவ்வளவும் விளங்குவதில்லை.

கேப்பர் மலைச் சிறை

புதுச்சேரியிலிருந்து வெளியேறிய பாரதியார் 1918 நவம்பர் 20இல் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பர் 14இல் விடுதலையானார். நான்கு வாரத்துக்கும் குறைந்த இச்சிறைவாசம் அவருடைய பத்தாண்டுப் புதுச்சேரி வாழ்வின் முடிவாக அமைந்தமையால், அவர் வரலாற்றில் கடலூர் ஓர் எல்லைக்கல்லாகிறது.

முடிவுரை

மேற்கண்ட இடங்களுள் திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் வழிபாட்டால் வாழ்கிறது. கோட்டை போரில் அழிந்தது. சமணப் பள்ளி நூற்குறிப்பாக எஞ்சியது. குடிகாட்டு வாழ்விடம் நிலத்துள் உள்ளது. ஆகவே கடலூரின் மரபுச் சின்னங்களைப் பட்டியலிடும் முயற்சி கட்டடக் கணக்கெடுப்போடு நின்றுவிடக் கூடாது. ஊர்ப்பெயர்த் தொகுப்பு, நில ஆவண ஒப்பீடு, குடிகாடு – காரைக்காடு பகுதியின் எஞ்சிய மேடுகளை வரைபடத்தில் பதிதல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழவேண்டும். இவற்றுள் மூன்றாவதே விரைந்து செய்யத்தக்கது. இடிந்த கோட்டையைப் பற்றி எழுத ஆவணங்கள் உள்ளன. எழுத்தில் பதிவாகாத பழங்குடியிருப்புக்கு அதன் மண்ணடுக்கே ஆவணம்.