போரின் முடிவும் அணுகுண்டும்: மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

இரண்டாம் உலகப் போர் மலைநாட்டிற்கு அந்நியமானதன்று. அட்டன், நுவரெலியாத் தோட்டத் தொழிலாளர் உண்ட அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்தே வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வரவு நின்றது. லயங்களிற் பங்கீட்டு அரிசியும் கோதுமை மாவுமே உணவாயின. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. மலாயாவைப் படையிறக்கி மீட்க அது திட்டமிட்டிருந்தது.

அதற்கு முன்னரே, 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவிலும் 9இல் நாகசாகியிலும் அணுகுண்டு வீசப்பட்டது. 15இல் யப்பான் பணிந்தது. செப்டெம்பர் 9இல் மலாயாவிற் படைகள் எதிர்ப்பின்றி இறங்கின.

யப்பான் மீது படையெடுத்திருப்பின் இரு தரப்பிலும் பல்லாயிரவர் மடிந்திருப்பர். ஆதலாற் குண்டு உயிர் காத்தது என்பர் ஒரு சாரார். அமெரிக்கப் போர்ச் செயலாளராயிருந்த ஸ்டிம்சன் 1947இல் இவ்வாதத்தை விரித்தெழுதினார். பசித்த லயங்களை எண்ணுவோர் இதனை எளிதில் ஒதுக்கவியலாது. ஆயின், குண்டின்றியும் அவ்வாண்டு முடியுமுன் யப்பான் பணிந்திருக்கும் என 1946இல் அமெரிக்க அரசின் குண்டுவீச்சு ஆய்வறிக்கையே முடிவுகண்டது. ஆகஸ்ட் 8இல் சோவியத் ஒன்றியம் போர் தொடுத்தமையே முதன்மைக் காரணம் என வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர்.

போர் ஓய்ந்த பின்னரும் இலங்கையில் அரிசிப் பங்கீடு நீங்கவில்லை. ஹிரோஷிமாவிலோ 1945 இறுதிக்குள் ஏறத்தாழ 140,000 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் பொதுமக்கள். போரைத் தொடங்கும் அதிகாரமோ நிறுத்தும் அதிகாரமோ அவர்க்கில்லை. லயத்து மக்களுக்கும் இருந்ததில்லை. போர் முடிந்தமை நன்றே. எனினும் அந்நன்மை, அது வந்த வழியை நியாயமாக்கிவிடாது.