பதினெட்டு முழமும் மூன்று தலைமுறையும்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவன்று மண்டப வாயிலில் நின்று வருவோரை வரவேற்கும் பேறு சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்து வருகிறது. அங்கு நிற்கையில் காதில் விழும் பேச்சுகளில் ஒன்றை நான் விரும்பிக் கேட்பதுண்டு. "இது என் பாட்டியின் கூறைப் புடைவை" என்று யாரேனும் ஒருவர் சொல்வார். சுற்றி நிற்கும் பெண்டிர் கை தாமாகவே அதன் முந்தானையைத் தொட்டுப் பார்க்கும். நம் சங்கத்தினும் மூத்த புடைவைகள் அம்மண்டபத்தில் ஆண்டுதோறும் நாலைந்தேனும் இருக்கும். ஒரு துணி அறுபது எழுபது ஆண்டு உழைத்தது எவ்வாறு என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் இரண்டு சொற்களைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். துணிக்கப்பட்டது துணி, அறுக்கப்பட்டது அறுவை. தறியினின்று அறுத்தெடுத்த அளவிலேயே அது உடுத்தற்கு உரியதாயிற்று என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். சிலப்பதிகாரம் காட்டும் மதுரையில் துணி விற்போர்க்கெனத் தனி வீதியே இருந்தது. தைத்த உடை உடலின் அளவுக்கு அடங்கியது. உடல் பருத்தால் அது உதவாது, ஒருவர்க்குத் தைத்தது மற்றவர்க்குப் பொருந்தாது. கத்தரி படாத புடைவைக்கோ இத்தொல்லை இல்லை. மணப்பெண்ணாய் உடுத்தியவளே பேரன் பேத்தி கண்ட பின்னும் அதனை உடுத்தலாம். மெலிந்த மருமகளும் உடுத்தலாம்.

ஆயினும் அளவு பொருந்தினால் மட்டும் துணி நெடுநாள் நிற்குமா? அதற்கு நெசவு உறுதியாக இருத்தல் வேண்டும். இவ்விடத்தில் காஞ்சிபுரத்தை நாடுவதே முறை.

காஞ்சியில் பட்டு விளைவதில்லை. நூல் பெரும்பாலும் கன்னட நாட்டினின்றும், ஜரிகை சூரத்தினின்றும் வந்தன. நெசவாளருள் பலருடைய முன்னோரும் விசயநகர வேந்தர் காலத்தில் தெலுங்கு நாட்டினின்று வந்து குடியேறியோர் என்பர். அவ்வூருக்கே உரியதாய் நிலைத்தது கைத்திறன் ஒன்றுதான். பிறந்த ஊரை விட்டு வந்து காலனியில் வாழும் நமக்கு இச்செய்தி சற்று ஆறுதல் தருவதன்றோ!

அவர்தம் கைத்திறனில் தலையாயது கோர்வை. புடைவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் என்றால், உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைக்கும் தனித்தனி நாடாவுமாக மூன்று நாடாக்கள் தறியில் ஓடும். உடலின் ஊடை கரையின் எல்லைக்கு வந்ததும் கரையின் ஊடையோடு பின்னிக்கொண்டு திரும்பும். அடுத்த இழையும் அவ்வாறே. அரக்கு உடலும் பச்சைக் கரையும் கலங்காமல் தனித்து நிற்பதும், ஆண்டுகள் பல சென்றும் கரை பிரியாமல் இருப்பதும் இப்பின்னலால்தான். இதனை ஒருவர் தனியே நெய்தல் அரிது. உதவியாள் ஒருவர் அருகிருந்து கரை நாடாவை வாங்கி எறிதல் வேண்டும். அந்த உதவியாள் நெடுங்காலம் பள்ளி செல்ல வேண்டிய சிறுவனாகவே இருந்தான் என்பதையும் மறைத்தல் கூடாது. நம் பெட்டியில் இருக்கும் அழகில் அவன் இழந்த படிப்பும் கலந்திருக்கிறது.

முந்தானை வேறு நிறமாயின் வேலை இன்னும் நுட்பமானது. உடலின் பாவிழை ஒவ்வொன்றோடும் முந்தானைக்குரிய புதிய பாவிழையை முறுக்கி இணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகளையும் இவ்வாறே இணைத்த பின்னரே நெசவு தொடரும். இதற்குப் பெட்னி என்று பெயர். நல்ல முறுக்கேற்றிய பட்டு நூலும், பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் பூசிய ஜரிகையும் சேர்ந்து அப்புடைவைக்குக் கனத்தைத் தந்தன. "தூக்கவே முடியவில்லை" என்று இக்காலப் பெண்கள் குறைபடுவது அந்தக் கனத்தைத்தான்.

கரைகளின் வடிவங்களும் காலத்தை வென்றவை. கோபுரம், உருத்திராக்கம், மயிற்கண், மல்லிகை மொக்கு ஆகியவை எந்த ஆண்டிற்கும் பழமையாவதில்லை. 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், அடுத்த ஆண்டே அங்கு நெசவுப் பகுதியையும் தொடங்கிப் பழங்கரைகளை மீண்டும் நெய்வித்தார். எம். எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலத்தை, அவர் 2004இல் மறைந்த பின்னரும், "எம். எஸ். நீலம்" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

பட்டை மட்டும் புகழ்ந்தால் நூற்புடைவைக்கு அநீதி செய்தவனாவேன். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி, தடித்த பருத்தி நூலில் கட்டம் போட்டு அகன்ற கரையுடன் நெய்யப்பட்டது. வயலிலும் அடுக்களையிலும் உழைப்போர்க்கு ஏற்றது. துவைக்கத் துவைக்க மென்மையாகும். என் தாயாரிடம் நாள் உடைக்கு நான்கு நூற்புடைவை, வெளியிற் செல்ல இரண்டு, பட்டு மூன்று, இவ்வளவே இருந்தன. தீபாவளிக்கு ஒன்று வந்தால் பழையது ஒன்று பணி மாறும். பதினெட்டு முழம் நடுவில் நைந்தால் வெட்டி இணைத்துச் சிறுமிக்குப் பாவாடையாகும். பின்னர்க் குழந்தைக்குத் தூளி, அதன்பின் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைத்துணி, இறுதியில் விளக்குத் திரி. 1943இல் அரசு துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்துப் பங்கீடு நடந்த காலத்தில், இப்பழக்கமே பல குடும்பங்களின் மானத்தைக் காத்தது.

பட்டுக்கு வேறு மரியாதை. உடுத்திய அன்றே மடித்து வைக்கமாட்டார்கள். நிழலில் உலர்த்தி, நைந்த வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டுடன் பெட்டியில் வைப்பர். சில திங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுவர். ஒரே மடிப்பில் கிடந்தால் அக்கோட்டிலேயே பட்டு விண்டுபோகும். தில்லிக்கு வந்த புதிதில் கம்பளிக்கு இடும் பாச்சை உருண்டையையே இதற்கும் இட்டு ஜரிகையைக் கறுக்கச் செய்த குடும்பங்களில் எங்களதும் ஒன்று.

நெய்வோரைக் காக்க அரசினர் முயலாமல் இல்லை. 1952இல் சென்னை முதலமைச்சராயிருந்த ராஜாஜி, வேட்டியும் புடைவையும் கைத்தறிக்கே உரியனவாதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். நடுவண் அரசு அவ்வளவு தொலைவு செல்லவில்லை. ஆலைகள் நெய்யும் வேட்டியை முந்தைய அளவில் நூற்றுக்கு 60 ஆகக் குறைத்தது. 1953இல் ஆலைத் துணிமீது கூடுதல் தீர்வை விதித்துக் கைத்தறிக்கும் கதருக்கும் உதவியது. 1985இல் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கும் சட்டம் பிறந்தது. முதலில் 22 ஆக இருந்த அவ்வகைகள் 1996இல் 11 ஆயின. இவற்றுக்கிடையே விசைத்தறியும் பாலியெஸ்டரும் வீட்டினுள் புகுந்துவிட்டன. அலுவலகம் செல்லும் பெண்ணுக்குக் கஞ்சியும் இஸ்திரியும் வேண்டாத துணி வரமாகவே தோன்றியது. அவளைக் குறை கூற எனக்கு மனமில்லை.

என்னைக் குறை கூறிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. காலனிகளில் பழந்துணிக்குப் பாத்திரம் மாற்றும் பெண்கள் தலைச்சுமையுடன் வருவதை யாவரும் அறிவோம். பழஞ்ஜரிகையை உருக்கி வெள்ளி எடுப்போரும் அவ்வாறே வருவர். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் வெள்ளி விலை விண்ணைத் தொட்டிருந்தது. அவ்வேளை வந்த ஒருவரிடம் என் தாயாரின் கூறைப் புடைவையை நானே எடை போட்டுக் கொடுத்தேன். உடல் நைந்திருந்தது, கரை நன்றாகவே இருந்தது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை; அன்று இரவு உணவு உண்ணவுமில்லை. அதற்கு முன்பே அவர் அப்புடைவையினின்று வெட்டி இராமாயணப் புத்தகத்துக்கு உறையாகத் தைத்திருந்த ஒரு சாண் துணி மட்டும் எஞ்சியது.

சில ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரம் சென்றபோது அந்த உறையை எடுத்துச் சென்றேன். 2009-10ஆம் ஆண்டுக் கணக்கில் நாடெங்கும் 43 இலட்சத்துக்கு மேலாக இருந்த கைத்தறித் தொழிலாளர், 2019-20ஆம் ஆண்டுக் கணக்கில் 35 இலட்சமாகக் குறைந்திருந்தனர். அக்குறைவு அங்குள்ள தெருக்களிலேயே தெரிந்தது. முதியவர் ஒருவர் உறையை வாங்கித் திருப்பி, உடலும் கரையும் சேருமிடத்தை விரல் நகத்தால் வருடினார்.

"கோர்வை ஐயா. அசல் ஜரிகை. யார் வீட்டுத் தறியோ, நல்ல கை" என்றார்.

இதே போல ஒன்று நெய்து தர இயலுமா என்று கேட்டேன்.

"எனக்குக் கை இருக்கிறது. கரை நாடா எறிய ஆள்தான் இல்லை. பையன்கள் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். வீட்டுக்காரி உட்காருவாள், அவளுக்கு முதுகு வலி. அவள் உட்காரும் நாளெல்லாம் சேர்த்தால் மூன்று மாதம் ஆகும். காத்திருப்பீர்களா?"

முன்பணம் கொடுத்துவிட்டு, உறையையும் நிறம் பார்ப்பதற்காக அவரிடமே விட்டு வந்தேன். மூன்று மாதம் ஏழு மாதமாயிற்று. சென்ற ஆண்டு விழாவில் என் பேத்தி உடுத்தி வந்தது அந்தப் புடைவைதான்.